துடைத்த நெற்றி

செத்துப்போய்விட்டதாக ஊரே நம்பிக்கொண்டிருந்த கோவிந்தசாமி, சனிக்கிழமை காலையில் தன் வீட்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தார்.

போன வாரம் டிவியில் அந்த விளம்பரம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சோழமண்டலச் சுறாக்கள் அணியில் பாடிப்போகும் புது ரெய்டர் செந்தமிழ்ச்செல்வன் கபடித் தளத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறான். அடுத்து ஒரு பழைய வீடு. சுவரில் மாலை போட்ட ஒரு படம். பொட்டில்லாத நெற்றியோடு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கும் அம்மா. ‘அப்பாவின் கனவைச் சுமந்து வருகிறான்’ என்று பின்னால் ஒரு கனத்த குரல். அவ்வளவுதான். அப்பா இறந்துவிட்டார் என்று அதில் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

படத்தில் இருந்தது அவன் அப்பா கோவிந்தசாமி. கொஞ்சம் சர்க்கரையைத் தவிர அவருக்கு ஒரு குறையும் கிடையாது. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பாய்லர் பக்கம் வேலை. அந்த வேலைக்குத்தான் முந்தாநாள் போயிருந்தார். கேட்டில் நின்ற செக்யூரிட்டி அவரைப் பார்த்ததும் நிஜமாகவே இரண்டடி பின்னால் போனான். அதைச் சொல்லிச் சொல்லி ஷிப்ட் முழுக்கச் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தார்.

மாலை எப்படி வந்தது என்கிறீர்களா? எல்லாம் அவர் மனைவி ஞானாம்பாளின் பெருமை செய்த வேலை. மகன் அணிக்குத் தேர்வானபோது ஊர்க் கபடிக் கழகம் தகப்பனையும் மேடையேற்றி ஒரு சந்தன மாலை போட்டது. வாழ்நாளில் கோவிந்தசாமி வாங்கிய இரண்டாவது மாலை. முதலாவது கல்யாணத்தில். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், இளவயதில் அவர் கபடி டிராயரோடு நிற்கும் படத்தின் மேலேயே மாட்டிவிட்டாள் ஞானாம்பாள். எதிர்வீட்டு மாரியம்மாள் அன்றைக்கே சொன்னாள்.

“உசுரோட இருக்கிறவங்க படத்துக்கு மாலை போடக்கூடாதுக்கா.”

“என் புருஷன் மேடையில வாங்குன மாலைய பின்ன எங்க வைக்கறது? பீரோவுலயா பூட்டி வைக்கறது?” என்று திருப்பிக் கேட்டவள்தான் ஞானாம்பாள். இப்போது எதிர்வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பவே அவளுக்குக் கூசியது.

“எங்கண்ணே! என்ன விட்டுட்டுப் போயிட்டியாண்ணே!”

தெருமுனையில் ஓர் ஆட்டோ நின்றது. ஆட்டோவுக்கு முன்னால் அழுகை வந்து சேர்ந்தது. கையில் ரோஜா மாலையோடு, அவிழ்ந்த கொண்டையோடு, மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தவள் அமராவதி. கோவிந்தசாமியின் தங்கை. கம்மாபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். மகளுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் சீர் குறைந்துவிட்டது என்று கோபித்துக்கொண்டு போனவள், அதற்கப்புறம் இந்தத் தெருவில் கால் வைத்ததே இல்லை.

வாசல்வரை வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு கன்னம் நிறைய சோப்பு நுரையோடு அண்ணன் அவளைப் பார்த்தார்.

“வாடி” என்றார்.

அமராவதி மாலையாலேயே அவர் தோளில் ஓங்கி அடித்தாள். “இருக்கியா நீ? பாவி! பக்கத்து வீட்டு டிவியில பாத்துட்டு நெஞ்சு வெடிச்சிப் போச்சு எனக்கு. கூடப் பொறந்தவளுக்குச் சாவக்கூட சொல்லி அனுப்பலையேன்னு பஸ்ஸுல வழியெல்லாம் உங்களத் திட்டிக்கிட்டே வந்தேன். ஏன் எனக்குச் சொல்லல?”

“என்னத்தச் சொல்றது? உசுரோட இருக்கேன்னா?”

தெருவே சிரித்தது. அமராவதியும் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள். ஞானாம்பாளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. உதிர்ந்து கிடந்த ரோஜா இதழ்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த மாலைய மொதல்ல வெளிய போடுங்க” என்றாள்.

அதைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் கோவிந்தசாமியே எடுத்தார். பாதி முகம் நுரையோடு, தனக்கு வந்த சாவு மாலையைத் தானே கையில் பிடித்துக்கொண்டு, தெருக்கோடிக் குப்பைத் தொட்டிவரை நடந்தார். சிரித்துக்கொண்டிருந்த தெரு அப்போதுதான் வாயை மூடியது.

திரும்பி வரும்போது இலக்கியா பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றாள். அவள்தான் மூத்தவள். சிதம்பரத்தில் ஒரு பியூட்டி பார்லரில் மணப்பெண் அலங்காரம் செய்கிறாள். அப்பா போய் வருவதற்குள் சுவரில் இருந்த சந்தன மாலையைக் கழற்றிப் பீரோவில் வைத்திருந்தாள்.

“இலக்கியா, தம்பிகிட்ட பேசுனியா?”

“மத்தியானம் பேசறேம்பா. காலையில போன் எடுக்க மாட்டான். பிராக்டீஸ்.”

“அவன் மேல தப்பு கெடையாதும்மா. டிவிக்காரங்க வந்து எடுத்துட்டுப் போயி, அங்க வெட்டி ஒட்டிப் போட்டுட்டாங்க. புள்ளைக்கு என்ன தெரியும்? இன்னைக்கு மேட்ச்சு முடிஞ்சதும் மைக்கு குடுப்பாங்க இல்ல, அப்ப ஒரு வார்த்த சொல்லச் சொல்லு. ‘எங்கப்பா வீட்டுல பாத்துக்கிட்டு இருக்காரு’ன்னு. போதும். வேற ஒண்ணும் வேணாம்.”

“சொல்லுவாம்பா.”

கோவிந்தசாமி மறுபடி கண்ணாடியை எடுத்து மிச்சக் கன்னத்தை வழிக்க ஆரம்பித்தார்.

விளம்பரத்துக்குப் படம் எடுக்க ஆட்கள் வந்த அன்றைக்குக்கூட அவர் இரண்டு மணிக்குப் பர்மிஷன் போட்டிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையைக் கம்பெனிக்கே எடுத்துப் போயிருந்தார். அவர் வந்து சேர்வதற்குள், கூட வந்திருந்த மகனையும் ஏற்றிக்கொண்டு வேனில் போய்விட்டார்கள். அப்போது அது தற்செயல் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள்.

சிதம்பரம் தெற்கு வீதிப் பார்லரில் அன்று ஒரு நிச்சயதார்த்தப் பெண். கறுத்த, களையான பெண். அவளை இரண்டு நிறம் வெளுப்பாக்கச் சொல்லி மாமியாராகப் போகிறவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இலக்கியாவுக்கு இது பழகிப்போன வேலை. போட்டோவில் எப்படி வருமோ அப்படித்தான் முகம். நேரில் இருக்கிற முகத்தை யார் கேட்கிறார்கள்?

தம்பிக்கும் அவள்தானே சொல்லிக் கொடுத்தாள். காதோரம் முடியை இப்படி ஒதுக்கு. தாடியை முழுசாக எடுக்காதே, முகம் சின்னப்பையன் மாதிரி இருக்கும். புள்ளி எடுத்ததும் காமிராவைப் பார்க்காதே, கொஞ்சம் மேலே பார். அவன் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டான். விளையாட்டில் ஆட்டம்தானே முக்கியம் என்று அன்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பெண் கிளம்பிப் போனதும் பார்லர் முதலாளி கார்த்யாயினி கூப்பிட்டாள். அவள் போனில் அந்த விளம்பரம் பாதியில் நிறுத்தப்பட்டிருந்தது. ஞானாம்பாளின் முகம் திரை முழுக்க.

“இலக்கியா, தப்பா நினைக்காதே. அன்னைக்கு உங்கம்மாவுக்கு யார் மேக்கப் பண்ணினா?”

“அவுங்க கூட்டிட்டு வந்த பொண்ணுதான் மேடம். லைட்டுல மினுக்குதுன்னு பொட்டை எடுக்கச் சொன்னாங்களாம். தாலிச் செயினையும் உள்ள போட்டுக்கச் சொன்னாங்களாம்.”

“இது மேக்கப் பொண்ணு துடைச்சது இல்லைம்மா. பாரேன், புருவம் வரைக்கும் சிவப்பா இழுவியிருக்கு. நம்மளா இருந்தா எண்ணெய் தொட்டுப் பஞ்சுல எடுப்போம், தடமே தெரியாது. யாரோ துணியால அவசரமா இழுத்துத் துடைச்சிருக்காங்க.”

இலக்கியா பார்த்தாள். ஆமாம். இத்தனை தடவை பார்த்தும் இது கண்ணில் படவில்லையே என்று இருந்தது. வெறும் நெற்றியைப் பார்த்ததுமே ஒவ்வொரு தடவையும் பார்வையைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள்.

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு தம்பிக்குப் போன் போட்டாள்.

“அக்கா, சாப்ட்டியா?” என்றான் செல்வன்.

“அத்தை இன்னைக்குக் காலையில வந்துச்சுடா. மாலையோட.”

அவன் பதிலுக்கு நிற்காமல் அவளே தொடர்ந்தாள்.

“அப்பாவே அத எடுத்துட்டுப் போயி குப்பையில போட்டாரு. கேக்குதா? டிவிக்காரங்களுக்குச் சொல்லி அத நிறுத்தச் சொல்றியா இல்லையா?”

“அக்கா, நான் ஒண்ணு சொல்றேன், கத்தாம கேளு. நாளைக்குக் காலையில அவுங்க திரும்பவும் வீட்டுக்கு வராங்க. செமி பைனலுக்கு அம்மாவ இன்னொரு தடவ எடுக்கணுமாம். நாளைக்கு ஒரு நாள் மட்டும் அப்பாவ எங்கனா…”

“எங்கனா?”

“அதான் அத்தை வந்திருக்கு இல்ல, கம்மாபுரத்துக்கு அனுப்பிடு. சாயங்காலம் வந்துரட்டும்.”

இலக்கியா சோற்றை மூடி வைத்தாள். வெட்டி ஒட்டிவிட்டார்கள், புள்ளைக்கு என்ன தெரியும் என்று காலையில் அப்பா சொன்னது காதில் அப்படியே இருந்தது.

“உனக்குத் தெரியும். மொதல்லேர்ந்தே தெரியும்.”

“தெரியும்தான்! என்ன பண்ணச் சொல்ற?” அவன் குரல் உடைந்தது. “மூணு மேட்ச்சு பெஞ்சுல உக்காந்திருந்தேங்க்கா. என்னைவிட மோசமா ஆடறவன்லாம் உள்ள போறான். ஏன்னா அவன் அம்மா பூ விக்கிறாங்க, இன்னொருத்தன் வீடு வெள்ளத்துல போச்சு. கேமரா அவுங்கள காட்டுது, ஜனங்க அவுங்க பேரச் சொல்லிக் கத்துறாங்க. ‘உன் வீட்டுல அப்பா இருக்காரு, அம்மா இருக்காங்க, மூணு வேளைச் சோறு இருக்கு, இதுல என்னப்பா கதை?’ன்னு விளம்பரம் எடுக்கற அந்தாளு எங்கிட்ட நேராவே கேட்டாரு. அப்பதான் என் போன்ல அந்த மாலை போட்ட படத்தப் பாத்தாரு. ‘அப்பாவா?’ன்னாரு. நான் ஒண்ணும் சொல்லல. சும்மா இருந்தேன். அவ்ளோதான் நான் பண்ணது. அதுக்கப்புறம்தான் ஏழு பேர்ல ஒருத்தனா உள்ள எறக்குனாங்க.”

“உள்ள போயி நல்லா ஆடறே இல்ல? இனிமே எதுக்குடா அது?”

“இப்பச் சொன்னா என்ன ஆகும் தெரியுமா? ‘அப்பனையே சாகடிச்சவன்’னு ஊரே காறித் துப்பும். ஷூ விளம்பரம் போயிடும். டீமை விட்டே அனுப்பிடுவாங்க.”

“அப்பா ஷேவ் பண்ணிட்டு, வெள்ளச் சட்டைய எடுத்து வச்சிக்கிட்டு உக்காந்திருக்காருடா. நீ மைக்குல ஒரு வார்த்த சொல்லுவேன்னு. அவுங்க தப்பாப் போட்டுட்டாங்கன்னு சொல்லு. உன் மேல ஏன் பழி வருது?”



“சரி. சொல்றேன்.”

“சத்தியமா?”

“சொல்றேங்க்கா. கோச்சு கூப்புடறாரு.”

நம்பலாமா என்று யோசிக்க அவள் தனக்கு நேரம் கொடுக்கவில்லை. உடனே வீட்டுக்குப் போன் போட்டு, “சொல்றேன்னான்பா” என்றாள். அப்பாவுக்கு இருந்த அவசரத்தைவிட அவளுக்கு இருந்த அவசரம் அதிகம். வேறு எதையும் சொல்லவில்லை.

சாயங்காலம் அவள் வந்து சேர்ந்தபோது வீட்டில் கால் வைக்க இடமில்லை. கோவிந்தசாமி தெருவில் ஒரு வீடு விடாமல் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தார். ‘மேட்ச்சு முடிஞ்சதும் எம்புள்ள பேசுவான், வந்து பாருங்க.’ மாரியம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கம்பெனியிலிருந்து அந்தச் செக்யூரிட்டிகூட வந்திருந்தான். அமராவதி எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஞானாம்பாளின் நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். தலை நிறைய மல்லிகை. அவளுக்குப் பக்கத்தில் நாற்காலியில் வெள்ளைச் சட்டையோடு, மீசைக்கு மை போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் கோவிந்தசாமி. டிவியை அவர் பார்ப்பதற்கென்று அப்படி உட்கார்ந்ததாகத் தெரியவில்லை. டிவி அவரைப் பார்க்கப்போகிறது என்பதுபோல இருந்தது.

ஆட்டம் நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் பாவம். செல்வன் பாம்பாக நெளிந்தான். இரண்டு தடவை கோட்டை விரல் நுனியால் தொட்டுத் தப்பித்தான். இரண்டு அணியும் சமமாக இருக்கும்போது கடைசி ரெய்டுக்கு அவனைத்தான் அனுப்பினார்கள். மூன்று பேர் காலைப் பிடித்து இழுக்க இழுக்க, தவழ்ந்து வந்து நடுக்கோட்டில் கையை வைத்தான்.

வீடு அதிர்ந்தது. “கைய நீட்டி எட்டுறானே, அந்த எட்டு என்னுதுடா! நான் போட்ட எட்டு அது!” என்று எழுந்து நின்று கத்தினார் கோவிந்தசாமி. செக்யூரிட்டி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

“உஷ்! மைக்கு குடுக்கறாங்க” என்றாள் அமராவதி.

வியர்வை வழியும் முகத்தோடு செல்வன் நின்றான். முடி காதோரம் ஒழுங்காக ஒதுங்கியிருந்தது. பளபளவென்று உடுத்திய ஒரு பெண் கேட்டாள்: “செல்வன், இந்த வெற்றியை யாருக்குச் சமர்ப்பிக்கிறீர்கள்?”

“எங்கப்பாவுக்கு” என்றான்.

கோவிந்தசாமி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

செல்வன் ஒரு கணம் காமிராவைப் பார்த்தான். உதடு எதையோ சொல்ல வந்ததை இலக்கியா பார்த்தாள், சத்தியமாகப் பார்த்தாள். அப்புறம் அவன் கண் நிமிர்ந்தது. ஒரு விரலை வானத்தைப் பார்த்துத் தூக்கினான்.

“அவர் மேலேருந்து பார்த்துக்கிட்டு இருப்பாரு.”

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுவரில் மாலை போட்ட படத்தை மறுபடி ஒரு தடவை காட்டினார்கள். அதே சுவர் இங்கே வீட்டிலும் இருந்தது. மாலை இல்லாத படமும், அதற்கு நேர் கீழே படத்தில் இருந்தவரும்.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. யாரோ டிவியை அணைத்தார்கள். முதலில் செக்யூரிட்டி எழுந்தான். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனான். பிறகு மாரியம்மாள். பிறகு ஒவ்வொருவராக. ஒருவர்கூட ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லவில்லை. சாவு வீட்டில்தான் அப்படிச் சொல்லிக்கொள்ளாமல் போவார்கள். வேண்டுமென்று யாரும் செய்யவில்லை. வாயில் அது வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் கோவிந்தசாமி அதைக் கவனித்தார்.

இலக்கியாவின் போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது. படித்தவள் போனைத் தலைகீழாகத் தரையில் வைத்தாள்.

“தம்பியா? படி” என்றார் அப்பா.

“ஒண்ணுமில்லப்பா.”

“படிம்மா.”

அவள் படித்தாள். “அக்கா, சொல்லத்தான் நெனச்சேன், முடியல. கோச்சுக்காத. நாளைக்குப் பத்து மணிக்கு வருவாங்க. அப்பா இல்லாம பாத்துக்க. மேக்கப் ஆளு வரலையாம். நீயே அம்மாவ ரெடி பண்ணிடு. போன தடவ மாதிரியே இருக்கணுமாம்.”

கோவிந்தசாமி வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்தார். மடிப்பு கலையாமல் மெதுவாக மடித்தார்.

“நல்லா ஆடுனான்” என்றார் பொதுவாக. பிறகு தங்கையைப் பார்த்து, “காலையில கம்மாபுரத்துக்கு மொத பஸ்ஸு எப்ப?” என்று கேட்டார்.

“அண்ணே…”

“அவன் பொழப்புடி அது. நான் குறுக்க நின்னு அவன பெஞ்சுல உக்கார வைக்கணுமா? ஒரு நாள்தான? இருந்துட்டு வரேன்.” உள்ளே போய்ப் பையை எடுத்தார்.

இலக்கியாவுக்கு அழுகையைவிடக் கோபம் முந்திக்கொண்டு வந்தது. “நீ எதுக்குப்பா போகணும்? நாளைக்கு அவுங்க வரட்டும், நீ வாசல்லயே உக்காரு. அம்மா, நீயாவது சொல்லேன்!”

ஞானாம்பாள் எழுந்தாள். தலையில் இருந்த மல்லிகையை எடுத்து சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். மகளின் மேக்கப் பெட்டியை அவளே திறந்தாள். பஞ்சும் எண்ணெய்க் குப்பியும் எடுத்துக்கொண்டு வந்து, இலக்கியாவுக்கு முன்னால், பார்லரில் மணப்பெண்கள் உட்காருவது மாதிரி முகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“என்னம்மா இது?”

“அன்னைக்கு அந்த மேக்கப் பொண்ணு துடைக்க மாட்டேன்னுதான் சொல்லுச்சுடி. ‘சுமங்கலி நெத்திம்மா, எனக்குப் பயமா இருக்கு’ன்னு தள்ளி நின்னுடுச்சு. உன் தம்பிதான் கைக்குட்டைய எடுத்தான். ‘லைட்டுல மினுக்குதும்மா’ன்னு சொல்லிக்கிட்டே அவனே தொடைச்சான்.”

பையில் துணி வைத்துக்கொண்டிருந்த கோவிந்தசாமியின் கை நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை.

“உங்கப்பாகிட்ட நான் சொல்லல. ஆம்பளப் புள்ள, பொட்டுன்னா என்னான்னு அவனுக்குத் தெரியாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.” ஞானாம்பாள் பஞ்சை மகளின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள். “உனக்குத் தெரியும் இல்ல? அப்ப நீ முடிவு பண்ணு. தொடைக்கிறதுன்னா தொடை. நான் கண்ண மூடிக்கறேன்.”

அவள் கண்களை மூடிக்கொண்டாள். குங்குமம் வியர்வையில் லேசாகக் கசிந்திருந்தது. தரையில் கவிழ்ந்து கிடந்த போன் அதிர ஆரம்பித்தது. தம்பிதான். இலக்கியா அதை எடுக்கவில்லை. பஞ்சையும் கீழே வைக்கவில்லை.